பூசணிக்கு ஒரு கவுன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரித்துவிட்டீர்கள் என்றால் பாதிக் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். பிரிக்காமல் அடுப்பில் போட்டிருந்தால் நான் எழுதுவது அடுப்புக்குத்தான். அடுப்பே, நலமா?

சரி, விளையாட்டு போதும். நவம்பரில் நான் பூசணியின் முடியை வெட்டியது தப்புதான். பபிள்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்ணெய் தடவிப் பார்த்தேன், சீப்பால் இழுத்துப் பார்த்தேன், பிள்ளை வீல் என்று கத்தினாள். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் அடுத்த அறையில்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதற்கு நீங்கள், “என் புள்ள தலையில கை வைக்க நீ யாருடி?” என்று கேட்டீர்கள். வெட்டின முடி இதற்குள் வளர்ந்திருக்கும். அந்தக் கேள்விதான் என் காதிலேயே நிற்கிறது. நான் யார் என்று இத்தனை நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். அத்தை. அதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

போன வாரம் அண்ணன் லாரியை வழியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். ஏப்ரலில் உங்களுக்குப் பிரசவமாம். அந்தச் சமயத்தில் பூசணியை என்னிடம் விடலாம் என்று அவனுக்கு எண்ணம். “ஆனா அவகிட்ட நான் பேச மாட்டேன்ப்பா, நீங்களே பேசிக்குங்க” என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். இத்தனை டன் சரக்கை இழுக்கிற ஆள், உங்களிடம் ஒரு வார்த்தை எடுக்கப் பயப்படுகிறான்.

அதனால் நானே கேட்கிறேன். அதற்கு முன்னால் இன்னொன்று கேட்கிறேன். குளிர் போய் வெயில் எட்டிப் பார்க்கும்போது பூசணிக்கு ஒரு கவுன் தைக்கட்டுமா? நெஞ்சில் மடிப்பு மடிப்பாக ஸ்மாக்கிங் தையல் வைத்து, மெஷின் படாமல், முழுக்கக் கையாலேயே. கம்பெனியில் நாள் முழுக்கக் குழந்தைக் கவுன்தான் தைக்கிறேன், ஆனால் கவுனின் இடது கை மட்டும். வலது கை பக்கத்து மெஷின்காரிக்கு. ஒரு உடுப்பை முழுசாகத் தைத்து வருஷக்கணக்காகிறது. நெஞ்சளவு மட்டும் எழுதுங்கள், போதும். திட்டுவதாக இருந்தாலும் அதோடு சேர்த்தே எழுதிவிடுங்கள்.

சிட்டு


பிப்ரவரி 15

நாத்தனாருக்கு,

அடுப்பு நலம். படித்துச் சிரிக்கவில்லை என்று மட்டும் உன்னிடம் சொல்லச் சொன்னது.

எங்கள் வீட்டில் அளவெடுக்கிற டேப் கிடையாது. நூலால் அளந்து அந்த நூலையே இத்துடன் வைத்திருக்கிறேன். அளக்கும்போது வயிற்றைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள், அதனால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வளர்கிற பிள்ளைதானே, இருக்கட்டும்.

ஏப்ரல் விஷயம். உன் அண்ணனுக்கு எல்லாம் சுலபம், அவர் பாதி நாள் ரோட்டில் இருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மூடி மறைக்க எனக்குத் தெரியாது. உன் அறையில் உட்கார இடம் தேடினால் முதலில் ஊசியைத் தேட வேண்டியிருக்கிறது. கட்டிலில் ஊசி, ஜன்னல் திரையில் ஊசி, நீ போட்டிருக்கும் உடுப்பிலேயே ஊசி. கேட்டால், “எல்லாம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணி” என்பாய். உனக்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா?

முடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடி எனக்குப் பெரிதில்லை. நான் அறைக்குள் வந்தபோது வெட்டின முடியை உன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாய் பார், அதுதான் எனக்குப் பெரிது. பிள்ளை என்றால் விழும், அடிபடும், காய்ச்சல் வரும். யார் கையில் இருந்தாலும் வரும். ஆனால் மறைக்கிறவளிடம் பிள்ளையை விட்டுவிட்டு, நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்படி நிம்மதியாகப் படுத்திருப்பேன்? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். நானே யோசித்துக்கொள்கிறேன்.

கவுன் தை. மஞ்சள் பிடிக்கும் அவளுக்கு.

அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தப் பார்சலைப் பூசணி கண்ணில் படாமல் பிரியுங்கள். பட்டால் தாளோடு சேர்த்துத் தின்றுவிடுவாள்.

மஞ்சள்தான். முட்டைக்கரு மஞ்சள் இல்லை, அதைவிட இளசு. நீங்கள் அனுப்பிய நூலுக்கு மூன்று மடங்கு அகலம் துணி எடுத்தேன். பின்பக்கம் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, புள்ளி வழியாக நூல் ஓட்டி, எல்லா நூலையும் சேர்த்து இழுத்தால் துணி விசிறி மாதிரி மடிந்து நிற்கும். அப்புறம் முன்பக்கத்திலிருந்து ஒரு மடிப்பையும் அடுத்த மடிப்பையும் பிடித்துப் பிடித்துப் பச்சை நூலில் தேன்கூட்டுத் தையல் போட வேண்டும். கம்பெனியிலிருந்து வந்ததும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவேன், வெளிச்சம் இருக்கிறவரை. கடைசியில் இழுத்த நூலையெல்லாம் உருவிவிட்டால் துணி மூச்சு விடும். சும்மா சொல்லவில்லை, நெஞ்சில் வைத்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் இல்லாமலே விரியும், விட்டால் சுருங்கும். பூசணி எவ்வளவு வேண்டுமானாலும் வயிற்றைப் பிதுக்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்று கவனித்தீர்களா? பட்டன் கிடையாது, கொக்கி கிடையாது, ஊக்கு கிடையாது. தலை வழியாகப் போட்டால் முடிந்தது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு கூரான எதையும் அதில் வைக்க மனசு வரவில்லை.

கழுத்துப் பட்டியை இன்றைக்குத்தான் வைத்து முடித்தேன். தபால் ஆபீஸ் மூடப் போகிறது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள், நான் பதறாமல் செய்த காரியம் எது சொல்லுங்கள். ஓடுகிறேன்.

சிட்டு


மார்ச் 7

அண்ணி,

பார்சல் வந்துவிட்டதா? வந்திருந்தால் கவுனைப் போட வேண்டாம். ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பச்சை நூல் சாயம் போகும் என்று கடைக்காரர் இப்போதுதான் சொல்கிறார். பிள்ளைத் தோல் பாருங்கள், அரிப்பு கிரிப்பு வந்துவிடும். அப்படியே மடித்து எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். வேறு நூல் போட்டு ஒரே வாரத்தில் தந்துவிடுவேன்.

துவைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். துவைக்கவும் வேண்டாம், கையால் தடவிப் பார்க்கவும் வேண்டாம். பூசணியை மடியில் வைத்துக்கொண்டு பார்சலைப் பிரிக்காதீர்கள்.

ஒருவேளை போட்டுவிட்டிருந்தால், நெஞ்சிலோ கழுத்திலோ ஏதாவது சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சாயத்தால்தான் கேட்கிறேன். இருந்தால் உடனே ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

சிட்டு


மார்ச் 12

நாத்தனாருக்கு,

பார்சல் வந்தது. உன் கைவேலையை எதிர்வீட்டு நர்ஸம்மா கூட வந்து பார்த்துவிட்டு, “இத கையாலயா தச்சாங்க?” என்று வாயைப் பிளந்தார். எனக்கும் பிடித்திருக்கிறது. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லிவிடுவேன்.

பூசணி போட்டதுதான் போட்டாள், கழற்ற மாட்டேன் என்கிறாள். தூங்கும்போதும் அதுதான். மேலே கம்பளிச் சட்டை போட்டால் கவுன் மறைகிறதாம், அதற்கு ஒரு அழுகை.

சாயம் எதுவும் போகவில்லை. ஆனால் இரண்டு நாளாகத் தூக்கினால் சிணுங்குகிறாள். அக்குள் பக்கம் கை வைத்தால் தட்டிவிடுகிறாள். கேட்டால் “குத்துது” என்கிறாள். புதுத் துணி உறுத்துகிறதோ என்னவோ. தைத்தவள் நீ, உனக்குத்தான் தெரியும். சாயத்தைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?

இருந்தால் எழுது.

அண்ணி


தந்தி. மார்ச் 15

கவுனை உடனே கழற்றுங்கள். மறுபடி போடாதீர்கள். கடிதம் பின்னால்.


மார்ச் 16

நாத்தனாருக்கு,

தந்தி என்று வாசலில் குரல் கேட்டதும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு வந்தேன். உன் அண்ணன் லாரியோடு எங்கேயோ கவிழ்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். நிறைமாசக்காரிக்குத் தந்தி அடிக்கிறோமே என்ற நினைப்பு வேண்டாமா? பிரித்தால் கவுனைக் கழற்று என்கிறாய். ஏன் என்று சொல்ல இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

முதலில் சாயம் என்றாய். இப்போது சாயமும் இல்லை, காரணமும் இல்லை. எதிர்வீட்டு நர்ஸம்மா, “உங்க நாத்தனாருக்குக் குடுத்த பிறகு மனசு வரல போலிருக்கு” என்று சிரிக்கிறார். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். எனக்கே உன்மேல் கோபமாக இருக்கும்போது உனக்காகச் சண்டைக்குப் போக வேண்டியிருக்கிறது, அதுதான் கொடுமை.

கழற்ற மாட்டேன். காரணத்தைச் சொல், கழற்றுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. என் பூசணி விஷயத்தில் மறைக்கவே மறைக்காதே.

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

கழற்றுங்கள். மீதியைக் கழற்றிய பிறகு படியுங்கள்.

கவுனில் ஊசி இருக்கிறது. உடைந்த ஊசியின் முனை.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அன்று கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் மடிப்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஊசி உள்ளே போக மாட்டேன் என்றது. தபால் மூடிவிடும் என்று அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். காதுப் பக்கம் நூலோடு என் கையில் இருக்கிறது, முனைப் பக்கத்தைக் காணோம். மேசையில் பார்த்தேன், மடியில் பார்த்தேன், தரையில் பார்த்தேன். பலகை இடுக்கில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வேறு ஊசி எடுத்துத் தைத்து முடித்து, மடித்துக் கட்டி ஓடிவிட்டேன். ஓடும்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அதையும் மடித்துக் கட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் கம்பெனியில் பக்கத்து மெஷினில் ஒரு ஊசி உடைந்தது. எங்களிடம் ஊசி உடைந்தால் மொத்த லைனும் நிற்கும். துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரு அட்டையில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் முழு ஊசி வைத்துப் பார்ப்பார்கள். நீளம் சரியாக வந்தால்தான் புது ஊசி தருவார்கள். வராவிட்டால் பெட்டிக்குள் போன உடுப்பைக்கூடத் திரும்பக் கொட்டி, ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் விடுவார்கள். அன்றைக்கும் துண்டு குறைந்தது. எல்லாரும் தரையில் தவழ்ந்தோம். செக்கிங் அக்கா, “யாரு வீட்டுப் புள்ளையோ போடப் போகுதுன்னு நெனச்சுத் தேடுங்கடி” என்று கத்திக்கொண்டே இருந்தார். அண்ணி, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யார் வீட்டுப் பிள்ளைக்கோ இப்படித் தேடுகிறேன். என் அண்ணன் பிள்ளைக்கு, தபால் மூடிவிடும் என்று ஓடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து காந்தத்தைக் கட்டி அறை முழுக்க இழுத்தேன். நீங்கள் சொன்னது சரி, எங்கெங்கோ இருந்து ஊசிகள் வந்தன. அந்த முனை மட்டும் வரவில்லை.

அன்றே உங்களுக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். மறைக்கிறவளிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று கேட்டிருந்தீர்கள். ஊசி என்று எழுதினால் பூசணி என் வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை என்று நினைத்தேன். கை தானாகச் சாயம் என்று எழுதிவிட்டது. நீங்கள் “குத்துது” என்று எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தந்தியில்கூட அந்த வார்த்தையைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. என்னை மாதிரி ஒரு கோழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வலிக்கிற இடத்தைத் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், நேரே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். ஊசி உடம்புக்குள் நகரும் என்கிறார்கள். எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரலைப் பற்றி நான் இனி கேட்க மாட்டேன். பூசணி நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம் என்றாலும் பரவாயில்லை.

சிட்டு


மார்ச் 24

சிட்டு,

முதலில் இதைப் படி. பூசணி அந்தக் கவுனை ஒருநாள்கூடப் போடவில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை. அக்குளும் வலிக்கவில்லை, நெஞ்சும் வலிக்கவில்லை, நேற்று என் செருப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டாள்.

இப்போது உட்கார்ந்து மீதியைப் படி. பார்சல் வந்த அன்று பூசணி பிடுங்க வந்தாள். உன் ஊசிகளிடம் எனக்கு இருக்கிற பயம் உனக்குத் தெரியும். அவளுக்குப் போடுவதற்கு முன்னால் கவுனை என் முன்கையில் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். கழுத்திலிருந்து மூன்றாவது வரிசைக்கு வரும்போது சுருக்கென்றது. மடிப்புக்குள்ளிருந்து முனையை எடுத்தேன். கோபத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதே உனக்கு எழுத உட்கார்ந்தவள் நிறுத்திவிட்டேன். ஊசி உடைந்தது தைத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்கிறாளா பார்ப்போம் என்று தோன்றியது.

நீ சாயம் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது முனை என் மேசையில் ஒரு தாளில் குத்தி இருந்தது. தந்தி வந்தபோதும் இருந்தது. தூக்கினால் சிணுங்குகிறாள், குத்துது என்கிறாள், எல்லாம் நானே கட்டிய கதை. எதிர்வீட்டு நர்ஸம்மா சொன்னது மட்டும் நிஜம்.

நான் செய்தது நல்ல காரியம் இல்லை. என் வயிற்றில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு உன் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறேன். உனக்குச் சோறு இறங்கவில்லை என்று படித்ததும் எனக்கும் இறங்கவில்லை. ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லையடி. பிள்ளைக்கு ஒன்று என்றால் நீ எனக்குச் சொல்வாயா மறைப்பாயா, அது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சொல்லிவிட்டாய். இனி பூசணி உன்னிடம் வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அது போதும். ஏப்ரலில் பூசணி உன்னிடம்தான் இருப்பாள்.

முனையை டேப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கம்பெனி வழக்கப்படி அட்டையில் ஒட்டிக்கொள். இன்று காலை கவுனை முதல்முறையாக அவளுக்குப் போட்டுவிட்டேன். நீ சொன்ன மாதிரியே விரிகிறது, சுருங்குகிறது. பாலர் பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே போனாள். இனி தினமும் அதுதான் என்று எனக்கு உத்தரவு.

அண்ணி


தந்தி. மார்ச் 27

ஊசி உடைந்தது மூன்று துண்டு. நடுத்துண்டு இன்னும் கவுனில் இருக்கும். கழற்றுங்கள். கவுனைத் துவைக்காமல் அனுப்புங்கள்.


மார்ச் 28

சிட்டு,

இதையும் கவுனையும் உன் அண்ணனின் கூட்டாளி லாரியில் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பிக் காத்திருக்க என்னால் முடியாது.

தந்தியைப் பார்த்ததும் இந்தத் தடவை நான் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியாது, பாலர் பள்ளிக்கு ஓடினேன். ஓட்டம் என்றால் இந்த வயிற்றோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. போய்ப் பார்த்தால் கவுனோடு சறுக்குமரத்தில் குப்புறப் படுத்து, நெஞ்சு உரசச் சறுக்கிக்கொண்டு வருகிறாள். “அசையாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டன. டீச்சர், “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று ஓடி வந்தார்.

தலை வழியாக இழுத்தால் மடிப்பெல்லாம் முகத்தில் உரசும். டீச்சர் மேசையில் காகிதம் வெட்டும் கத்தரி இருந்தது. யாரையும் கேட்கவில்லை. எடுத்து முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டிவிட்டேன். பூசணி ஊரே கேட்க அழுதாள். “என் மஞ்சக் கவுன், என் மஞ்சக் கவுன்” என்று கத்துகிறாள், நான் பாட்டுக்கு வெட்டுகிறேன். பாதி வெட்டும்போதுதான் உன் ஞாபகம் வந்தது. அன்றைக்கு உன் கையிலும் இப்படித்தானே ஒரு கத்தரி இருந்தது.

கழுத்து எலும்புக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. அதில் துளி ரத்தம் காய்ந்திருக்கிறது. இது நான் கட்டின கதை இல்லை. கட்டின கதையெல்லாம் என் தலையிலேயே வந்து விழுகிறது போலிருக்கிறது. டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். “கீறலாவும் இருக்கலாம், உள்ள போயிருக்கவும் இருக்கலாம். படம் எடுத்தாத்தான் தெரியும். நம்ம மெஷின் ரிப்பேர்ல இருக்கு, திங்கக்கிழமைதான் வரும்” என்கிறார். அதுவரை தூக்காதே, குதிக்க விடாதே, வீங்கினால் ராத்திரி பகல் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்கிறார். பூசணியைக் குதிக்க விடாமல் வைப்பதாவது! கட்டிலில் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு விடும்போதெல்லாம் அந்தப் புள்ளி ஏறி இறங்குகிறது.

உன் கம்பெனி மெஷினில் விட்டுப் பார். துணியில் இருக்கிறதா என்று மட்டும் சொல். இல்லை என்றாலும் சொல்லிவிடு.

அண்ணி


தந்தி. மார்ச் 30

கிடைத்துவிட்டது. துணியில்தான் இருந்தது. முழு ஊசி சேர்ந்துவிட்டது. பூசணிக்கு ஒன்றும் இல்லை.


மார்ச் 30

அண்ணி,

தந்தி முந்தி வந்திருக்கும். இருந்தாலும் ஒன்று விடாமல் எழுதுகிறேன். இனிமேல் எதையும் சுருக்கி எழுத மாட்டேன்.

முனையை வைத்து நீங்கள் அனுப்பின கடிதம் வந்ததும் முதலில் அழுதேன். அப்புறம் உங்கள்மேல் வந்த கோபம் இருக்கிறதே, சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். பெரிய பாவம் அண்ணி நீங்கள் செய்தது. இத்தனை நாளும் பிள்ளை உடம்புக்குள் ஊசி நகருகிறது என்று நினைத்துக்கொண்டே நான் இடது கை தைத்தேன். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. நேரில் வைத்துக்கொள்கிறேன்.

கோபம் ஆறினதும் நீங்கள் சொன்னபடி அட்டையை எடுத்தேன். என் பாதியை ஒட்டினேன், நீங்கள் அனுப்பின முனையை ஒட்டினேன், பழக்க தோஷத்தில் அதே பாக்கெட்டிலிருந்து ஒரு முழு ஊசியைப் பக்கத்தில் வைத்தேன். நடுவில் இடைவெளி. நொய் அரிசி அளவுதான். விரலால் நகர்த்திப் பார்த்தேன், ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடைவெளி அப்படியே இருந்தது. உங்கள் கடிதத்தின் கடைசி வரி, இனி தினமும் அதுதான் என்று அவள் உத்தரவு போட்டிருக்கிறாள் என்பது. சமையல் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தபால் ஆபீஸுக்கு ஓடியிருக்கிறேன். அங்கே போன பிறகுதான் கவனித்தேன்.

கவுன் வந்ததும் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். வீட்டுத் துணியை அந்த மெஷினில் விடக்கூடாது என்பது விதி. செக்கிங் அக்காவிடம் போய், “அக்கா, நான் வீட்ல ஊசிய ஒடச்சேன், தேடாம அனுப்பிட்டேன், எங்க அண்ணன் புள்ளைக்கு” என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இங்க ஒரு துண்டு கொறஞ்சாலே தவழ விடுறேன், வீட்ல என்னடி பண்ணுன?” என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, அவரே கவுனை வாங்கி மெஷினுக்குள் விட்டார்.

அண்ணி, அந்த மெஷின் கத்தினால் எங்களுக்கெல்லாம் குலை நடுங்கும். சம்பளம் போகும், திட்டு விழும், வேலையே போகும். இன்றைக்கு அது கத்தாமல் போய்விடுமோ என்றுதான் நடுங்கினேன். கத்தாவிட்டால் துண்டு துணியில் இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது. அக்கா கவுனை உள்ளே தள்ளினார். பட்டை நகர்ந்தது. பாதி போகும்வரை ஒரு சத்தமும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்புறம் கத்தியது. ஐயோ, எவ்வளவு நல்ல சத்தம் தெரியுமா அது! நான் அழுதேன், வலது கைக்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்ன ஏது என்று தெரியாத இஸ்திரிக்காரர்கூட வந்து எட்டிப் பார்த்தார்.

கழுத்துப் பட்டியைப் பிரித்தோம். நான்கு மடிப்புகள் ஒன்றாக ஏறியிருக்கும் இடத்தில் குறுக்காகப் படுத்திருந்தது. அதன் ஒரு நுனி உள்பக்கமாக மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவளைக் கீறியிருக்கிறது. அக்கா தன் கையாலேயே அட்டையில் ஒட்டி, முழு ஊசியைப் பக்கத்தில் வைத்தார். இடைவெளி இல்லை. அட்டையை அனுப்பியிருக்கிறேன், நீங்களும் உங்கள் கண்ணால் பாருங்கள். என் வார்த்தையை நம்ப வேண்டாம், ஊசியை நம்புங்கள். திங்கட்கிழமை படமும் எடுத்துவிடுங்கள்.

வெட்டின முதுகுக்குப் பட்டி வைத்து, துணி உருண்டைப் பட்டன் போட்டுத் தைத்துவிட்டேன். உலோகம் இல்லை. மெஷினில் இரண்டு தடவை விட்டோம், மூச்சுக்கூட விடவில்லை. காந்தம் கட்டி அறையையும் பெருக்கியாயிற்று. எல்லா ஊசியும் இப்போது மூடி போட்ட ஒரே டப்பாவில், அலமாரி உச்சியில் இருக்கிறது. அதை எடுக்க எனக்கே நாற்காலி வேண்டியிருக்கிறது.

இதற்குப் பிறகும் பூசணியை என்னிடம் விடுவீர்களா?

சிட்டு


ஏப்ரல் 3

சிட்டு,

படம் எடுத்தாயிற்று. “எலும்பும் தொப்பையும்தான் இருக்கு” என்று டாக்டர் சிரிக்கிறார். புள்ளி காய்ந்து உதிர்ந்துவிட்டது. உன் அட்டையை நானும் பார்த்தேன், நர்ஸம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். இனி எதையாவது உன்னிடம் மறைத்து விளையாடத் தோன்றினால் அது என் கண்ணில் பட வேண்டாமா, அதற்குத்தான்.

கடைசிக் கேள்விக்குப் பதில். பூசணி அவளுடைய பெட்டியைக் கட்டி வாசலில் வைத்து நாள் ஆகிறது. அதில் தலையணையும் என் செருப்பு ஒன்றும் இருக்கின்றன. எனக்கு நாள் நெருங்குகிறது, பயமும்தான். அவளை நினைத்து இல்லை. சீக்கிரம் வந்து அழைத்துப் போ. என் கல்யாணப் படத்தை வரும் முன்னால் நேராகத் திருப்பி வை.

முன்முடி வளர்ந்து கண்ணை மறைக்கிறது, போகிற இடமெல்லாம் முட்டிக்கொள்கிறாள். வரும்போது உன் கத்தரிக்கோலையும் கொண்டு வா. வெட்டின முடியை மட்டும் என் கையில் கொடுத்துவிடு.

அண்ணி